நான்காவது வரி

மேசைமேல் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்று சிவப்பு, மற்றொன்று நீலம்.

"அண்ணாச்சி, இந்த ரெண்டு பெட்டியில ஏதோ ஒண்ணுல ஒரு சாவிய வச்சிருக்கேன். சரியா?" என்றாள் ஆவுடையம்மாள்.

"சரி மேடம்."

அவள் சிவப்புப் பெட்டியைத் திறந்து காட்டினாள். உள்ளே ஒன்றும் இல்லை.

"சிவப்புல இருக்கா?"

"இல்ல."

"அப்ப சாவி எங்க இருக்கு?"

எதிரே உட்கார்ந்திருந்த இஞ்ஞாசிக்கு நாற்பத்தேழு வயது. துறைமுகத்தை ஒட்டிய அம்மோனியா கிடங்கில் பத்தொன்பது வருடமாகக் கட்டுப்பாட்டு அறையில் வேலை. கிடங்கின் கையேட்டை எந்தப் பக்கத்திலிருந்து கேட்டாலும் ஒப்பிப்பார். அவர் நீலப் பெட்டியைப் பார்த்தார். பிறகு திறந்து கிடந்த சிவப்பைப் பார்த்தார். முகத்தில் குழப்பமே இல்லை.

"பாக்கணும் மேடம்," என்றார்.

"ரெண்டுல ஒண்ணுல இருக்குன்னு நான் சொன்னது நெசம்தானே?"

"நெசம்தான். நீங்க எதுக்குப் பொய் சொல்லப் போறீங்க?"

"சிவப்புல இல்லங்கிறதும் நெசம்?"

"கண்ணால பாத்தேனே."

"அப்ப?"

"ரெண்டும் நெசம். வேணும்னா எழுதிக்கூட தாரேன். ஆனா நீலத்துல என்ன இருக்குன்னு அதத் தொறந்து பாத்தாத்தானே தெரியும்?"

ஆவுடை நீலப் பெட்டியைத் திறந்தாள். இஞ்ஞாசியின் முகம் மலர்ந்தது.

"அட, இதுல இருக்கே!"

அவர் நடிக்கவில்லை. ஆவுடை விடைத்தாளில் பூஜ்யம் போட்டாள். அன்று காலையிலிருந்து அந்தக் கேள்விக்கு அவள் போட்ட பதினோராவது பூஜ்யம் அது.

மூன்று வருடங்களுக்கு முன்பு அந்தக் கிடங்கில் சின்னக் கசிவு ஒன்று ஏற்பட்டது. வாயுவால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. பயந்து ஓடியதில் இரும்புப் படிக்கட்டில் நெரிபட்டு இரண்டு பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் கம்பெனி பட்டையைக் கொண்டுவந்தது. நெற்றியைச் சுற்றிக் கட்டும் மெல்லிய பட்டை அது. அதன் உள்பக்கம் இரண்டு ஜெல் வில்லைகள், அவற்றின் வழியாக மிகச் சிறிய மின்னோட்டம். இது நடந்தால் என்ன ஆகும், அது ஆனால் அடுத்து என்ன என்று மனம் ஓடிக்கொண்டே இருக்குமே, அந்த ஓட்டத்தை அது தணித்தது. தொழிலாளர்களுக்குக் கை நடுக்கம் போனது. நல்ல தூக்கம் வந்தது. வருடம் திரும்புவதற்குள் தேர்வு எழுதும் பிள்ளைகளும் போலீஸ்காரர்களும் கட்டிக்கொள்ள ஆரம்பித்தார்கள். மருந்துக் கடைகளில் வில்லைகள் அட்டை அட்டையாகத் தொங்கின.

நாள் முழுக்க, வருடக் கணக்கில் கட்டியவர்களின் வீடுகளிலிருந்துதான் முதலில் புகார் வந்தது. அவர்களுக்கு ஞாபகம் போகவில்லை. கணக்கு மறக்கவில்லை. பழகிய வேலை எல்லாம் பழகியபடியே செய்தார்கள். ஆனால் இதற்குமுன் சந்திக்காத இரண்டு விஷயங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அவற்றிலிருந்து மூன்றாவது ஒன்று அவர்களுக்கு வரவில்லை. டாக்டர்கள் அதை அனுமானக் குறைவு என்றார்கள். ஊரில் முடிச்சு அவுந்துபோச்சு என்றார்கள்.

ஆவுடை பதினோரு வருடம் ஒரு கல்லூரியில் தர்க்கம் நடத்தியவள். மாணவர்கள் சேரவில்லை என்று தத்துவத் துறையை மூடிவிட்டார்கள். தொழிலாளர் உடல்தகுதி வாரியத்தில் கேள்வித்தாள் தயாரிக்கும் ஒப்பந்த வேலை அவளுக்குக் கிடைத்தது. கிடங்கில் பட்டை கட்டும் பதினோரு ஆபரேட்டர்கள் தொடர்ந்து வேலை பார்க்கலாமா என்று சோதித்துச் சொல்ல வேண்டும். வாரியம் கொடுத்த நாற்பது கேள்விகளோடு அவளாகப் பன்னிரண்டு கேள்விகளைச் சேர்த்திருந்தாள். இரண்டு பெட்டியும் சாவியும் அதில் முதல் கேள்வி.

சோதனை முடிந்து வெளியே வந்தபோது வராந்தாவில் ஒரு பெண் எழுந்து நின்றாள்.

"நான் பிலோமி. அவியளோட சம்சாரம்," என்று உள்ளே சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டிருந்த இஞ்ஞாசியைக் காட்டினாள். "பாஸா, பெயிலா மேடம்?"

"அத நான் இப்ப சொல்லக் கூடாதும்மா."

"பெயில் போட்டுருங்க." பிலோமி குரலைத் தாழ்த்தினாள். "போன வாரம் பால் கெட்டுப்போச்சுன்னு அவியதான் மோந்து பாத்துச் சொன்னாவ. வேற பால் இல்ல, அதுலதான் டீ போட்டேன்னு நானும் வெளையாட்டுக்குச் சொன்னேன். வாங்கிக் குடிச்சாவ. குடிச்சுட்டு, என்ன புளிக்குதுன்னு கேக்காவ. வீட்டுல பால் புளிச்சாப் பரவால்ல மேடம். அங்க கையில கெடக்கது அம்மோனியால்லா?"

"பெயில்னா வேல போயிருமே."

"போகட்டும். ஐஸ் பிளாண்ட்ல நானும் வேல பாக்கத்தான செய்யுதேன். எங்க மக ரெனிட்டா பத்தாவது. மூணு பேரும் எப்பிடியோ இருந்துக்கிடுவோம்."

ஆவுடை அவள் கையைத் தொட்டுவிட்டு நகர்ந்தாள். பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னதாகத்தான் ஞாபகம்.

வாரியத்தின் இணை இயக்குநர் தணிகைவேல் மதிப்பெண் தாளைப் புரட்டினார். நிதானமான மனிதர். யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை.

"நாப்பதுக்கு முப்பத்தொன்பது, நாப்பது. இதைவிட என்ன வேணும் மேடம்?"

"அதெல்லாம் பழக்கம் சார். கையேட்டுல இருக்கிறத அப்படியே சொல்லிருவாங்க. கையேட்டுல இல்லாத ஒண்ணு வந்தா நின்னுருவாங்க. பின்னால பன்னெண்டு கேள்வி இருக்கு, அதப் பாருங்க. எல்லாருமே பூஜ்யம்."

"தப்பா பதில் சொன்னாங்களா?"

"இல்ல. பாக்கணும்னு சொன்னாங்க."

"பார்க்கணும்னு சொல்றவன் ஜாக்கிரதையான ஆளுதானே? என்கிட்ட வேலை செய்யறவங்க எல்லாம் அப்படி இருந்தா நான் சந்தோஷப்படுவேன்."

"சார், சிவப்புல இல்லன்னா நீலத்துல இருந்தே ஆகணும். அது பாத்துத் தெரிஞ்சுக்கிற விஷயம் இல்ல."

தணிகைவேல் பேனாவை மூடி வைத்தார். "பெட்டியைக் காட்டறீங்க, பார்க்கிறேன். சாவியைக் காட்டறீங்க, பார்க்கிறேன். இருந்தே ஆகணும்னு சொல்றீங்களே, அந்த ஆகணுமை எனக்குக் காட்டுங்க. எங்க இருக்கு அது?"

பதினோரு வருடமும் முதல் வகுப்பில் மாணவர்களிடம் அவள் கேட்ட கேள்வி அதுதான். அந்தக் கட்டாயத்தைச் சுட்டிக் காட்ட முடியாது. அதைப் பார்க்காதவனுக்கு இன்னொரு வாக்கியம் எழுதிக் கொடுக்கலாம், அந்த வாக்கியத்தையும் அவன் சரி என்று வாங்கி மற்றவற்றோடு வைத்துக்கொள்வான். அடுக்கு உயருமே தவிர, அடுத்த அடி எடுத்து வைக்கமாட்டான். கேள்வியில் ஒரு பிழையும் இல்லை. அது கேட்கக் கூடாத மேசையில் கேட்கப்பட்டது, அவ்வளவுதான்.

"இது தத்துவம் மேடம். ரொம்ப நல்ல தத்துவம். ஆனா நம்ம வேலை உடல்தகுதி." கடைசி மூன்று பக்கங்களை அவர் கிளிப்பிலிருந்து உருவித் தன் மேசை இழுப்பறையில் வைத்தார். மீதித் தாள்களை அவள் பக்கம் தள்ளினார். "உங்க ஒப்பந்தப் புதுப்பிப்பு ஃபைலும் இன்னைக்குத்தான் வந்துச்சு. பார்த்துடறேன்."

கட்டாயப்படுத்தினார் என்று பின்னால் யாரிடமும் சொல்ல முடியாத அளவுக்கு மரியாதையாகப் பேசினார்.

புதிதாக ஒன்று நேர்ந்தால் இந்தப் பதினோரு பேரும் முடிவுக்கு வரமாட்டார்கள். கிடங்கில் என்றைக்காவது புதிதாக ஒன்று நேரும். இரண்டும் ஆவுடைக்குத் தெரியும். ஆகவே என்ன என்பதும் அந்த நொடியிலேயே முழுசாக வந்து நின்றது. அவள் தகுதிச் சான்றில் கையெழுத்துப் போட்டாள்.

ஏழு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை.

கிடங்கில் மூணாம் குழாய் நான்கு வருடமாகக் காலியாகக் கிடந்தது. அதன் அலாரம் அவ்வப்போது சும்மா அடிக்கும். மூணாம் குழாய் அலாரத்தைப் பொருட்படுத்த வேண்டாம் என்று கையேட்டிலேயே அச்சடித்திருந்தார்கள். அன்று காலை வேறொரு குழாயில் பழுது பார்க்க வேண்டியிருந்ததால், ஃபிட்டர்கள் அம்மோனியாவை மூணாம் குழாய்க்குத் திருப்பிவிட்டு, வந்து இஞ்ஞாசியிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் அதைப் பதிவேட்டில் அழகான கையெழுத்தில் எழுதினார். அந்தப் பக்கத்தில் மூன்று வரிகள் இருந்தன.

10.10 மூணாம் குழாயில் சரக்கு ஏற்றியாச்சு.

10.41 மூணாம் குழாய் அலாரம்.

10.43 காற்றுக் கொடி சூசையப்பர் காலனி பக்கம் பறக்கிறது.

அதற்குக் கீழே ஒன்றும் எழுதவில்லை. அலாரத்தின் சத்தத்தைக் கையேட்டின்படி நிறுத்திவிட்டு, மேற்பார்வையாளருக்கு ஒரு நிமிடம் போன் பேசிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தார். பத்து ஐம்பத்திரண்டுக்கு மற்ற அலாரங்களும் அடித்தன. அப்போது கையேடு சொன்னபடி ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் சைரனை அழுத்தினார்.

முதல் அலாரம் அடித்துப் பதினோரு நிமிடம் ஆகியிருந்தது. கிடங்கை அடுத்த சூசையப்பர் காலனியில் ஒன்பது பேர் இறந்தார்கள். அவர்களில் நான்கு பேர் கோயில் மண்டபத்தில் திருவிழாப் பாட்டுக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த பிள்ளைகள். ரெனிட்டா அந்த நான்கு பேரில் ஒருத்தி.

அரசு ஒரு விசாரணை ஆணையம் அமைத்தது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைவர். வாரியமே தகுதிச் சான்று கொடுத்த ஆபரேட்டர் கவனக்குறைவாக இருந்தார், எங்கள் தவறு இல்லை என்றது கம்பெனி. மேற்பார்வையாளரிடம் போனில் இஞ்ஞாசி என்ன சொன்னார், அவர் என்ன பதில் சொன்னார் என்பது இரண்டு பேருக்கு மட்டுமே தெரியும். மேற்பார்வையாளர், இஞ்ஞாசி தன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை என்று சத்தியம் செய்தார். இஞ்ஞாசியைக் கேட்கலாம் என்றபோது கம்பெனி வக்கீல் எழுந்தார். அனுமானக் குறைவு உள்ளவரின் சாட்சியம் செல்லாது என்றார். வேலைக்குத் தகுதி, சாட்சிக்குத் தகுதி இல்லை. இரண்டையும் ஒரே கம்பெனிதான் சொன்னது. அன்று விசாரணை மண்டபத்தில் இருந்த யாரும் அவற்றைச் சேர்த்துப் பார்க்கவில்லை.

பட்டையைக் கழற்றினால் ஆறு வாரத்தில் சரியாகிவிடும் என்றார்கள் டாக்டர்கள். மற்ற பத்து ஆபரேட்டர்களும் அப்படியே சரியானார்கள். ஆணையம் இஞ்ஞாசிக்காகக் காத்திருந்தது. மாதம் ஒருமுறை அவர் வீட்டுக்குப் போய்ச் சோதித்து எழுதும் வேலையை வாரியம் ஆவுடையிடமே கொடுத்தது.

முதல் முறை போனபோது இஞ்ஞாசி அவளை மரியாதையாக உட்காரச் சொன்னார்.

"ரெனிட்டா செத்துட்டா மேடம்," என்றார். சொன்னதும் கண்ணில் நீர் வழிந்தது. மகள் இல்லை என்பது அவருக்குத் தெரியும், அதற்கு அழவும் தெரியும். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாட்டுப் படிக்கப் போன எடத்துல. என்ன கஷ்டம் பாருங்க," என்றார், பக்கத்துத் தெருவில் நடந்ததைச் சொல்வதுபோல. அன்று மூணாம் குழாயில் சரக்கு இருந்தது, அலாரம் அடித்தது, கொடி எந்தப் பக்கம் பறந்தது என்பதையும் கேட்காமலே சொன்னார். பிலோமி வாசலில் முதுகைக் காட்டி நின்றாள்.

நான்காவது மாதமும் அவர் அப்படியே இருந்தார். அன்று ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். அவர் நெற்றியின் இரண்டு ஓரத்திலும் வட்டமாகத் தோல் சிவந்திருப்பதை ஆவுடை பார்த்தாள். பழைய தழும்பு இல்லை. அன்று காலை எடுத்த வில்லையின் அச்சு.

சமையலறைக்குப் போனாள். பிலோமி அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"பட்டை கட்டி விடுதீங்களா?"

பிலோமி நிமிரவில்லை. தண்ணீரை வடித்தாள். மறுபடி ஊற்றினாள்.

"எல்லாத்தையும் திருப்பிக் குடுன்னு கம்பெனியில வந்து கேட்டாவ. ஒண்ண ஒளிச்சு வச்சேன். அன்னைக்கு ஏன் வச்சேன்னு எனக்கே தெரியாது." பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "அஞ்சாவது வாரம் ஒரு நாள் காலைல அவியளா கேட்டாவ. 'பிலோமி, கொடி காலனி பக்கம்லா பறந்துச்சு?' அதுக்கு மேல போகல. அங்கேயே நின்னுக்கிட்டு இருந்தாவ, ஏதோ ஞாபகத்துக்கு வர மாதிரி. ஒளிச்சு வச்சத எடுத்தேன் மேடம். தலவலிக்கு நல்லதுன்னு சொல்லிக் கட்டி விட்டேன். நம்ம எதுக்குக் கட்டுதோம்னு அவியளுக்கு யோசிக்க வராதே."

"எத்தன நாளைக்கும்மா? ஒரு நாள் தெரிஞ்சுதான ஆகணும்?"

"ஆகணுமா?" பிலோமி இப்போது நிமிர்ந்தாள். "தெரிஞ்சா என்ன செய்வாவ சொல்லுங்க. பெத்த புள்ளைய நாமளே கொன்னுட்டோம்னு தெரிஞ்சுக்கிட்டு, நாளைக்கு எந்திரிச்சுப் பல்லு வெளக்கணும்லா?"

"அவரு சாட்சி சொன்னாத்தான் மத்த எட்டு குடும்பத்துக்கும் ஒரு நியாயம் கெடைக்கும். நான் இத எழுதித்தான் ஆகணும்."

"ஒங்களுக்கு எல்லாம் ஆகணும்தான். அன்னைக்கு ஒங்களுக்குத் தெரிஞ்சுதா, தெரியலையா? இவங்க அங்க இருந்தா ஆபத்துன்னு?"

"தெரிஞ்சுது."

"ஒங்க தலையில பட்டை இருந்துச்சா?"

"இல்ல."

"அப்ப கையெழுத்துப் போடாம இருந்திருக்கணும்லா? அந்த ஆகணும் எங்க போச்சு?"

இஞ்ஞாசி கூடத்தில் ரேடியோவைத் திருப்பும் சத்தம் கேட்டது. ஆவுடை கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

"அது வேற," என்றாள். "சிவப்புல இல்லன்னா நீலத்துல இருந்தே ஆகணும்ங்கிறத யாராலயும் மாத்த முடியாது. நான் தூங்கினாலும் செத்தாலும் அது அப்படித்தான் இருக்கும். ஆனா நான் ஒண்ண செய்யணும்ங்கிறது அப்படி இல்லம்மா. அத நான் செஞ்சாத்தான் உண்டு. செய்யலன்னா அது சும்மா நிக்கும். என்னப் பிடிச்சுத் தள்ளாது."

பிலோமி அரிசிப் பாத்திரத்தை மறுபடி எடுத்தாள். கோபம் இறங்கியிருந்தது. அதற்குப் பதிலாக வந்தது களைப்பு.

"அப்ப செய்யுங்க," என்றாள். "இப்பவாவது செய்யுங்க. அவியள மட்டும் விட்டுருங்க."

அந்த மாத அறிக்கையில் ஆவுடை, குணமாகவில்லை என்று மட்டும் எழுதினாள். அது பொய் இல்லை. மறுநாள் ஆணையத்துக்குப் போய், தானே சாட்சி சொல்ல வேண்டும் என்று மனுக் கொடுத்தாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. உருவியெடுத்த மூன்று பக்கங்களின் நகல் அவளிடம் இருந்தது. பதினோரு பேரின் பூஜ்யங்களையும் ஒவ்வொன்றாகப் படித்தாள். சோதனையன்றே தனக்கு எல்லாம் தெரியும் என்றாள்.

நீதிபதி பதிவேட்டின் நகலைக் கையில் எடுத்தார். "இந்த மூணு வரியில இருந்து காலனிக்கு ஆபத்துன்னு தெரிஞ்சிருக்கணும்னு சொல்றீங்க. காத்து திசை மாறியிருக்கலாமே? அன்னைக்குச் செத்தது விதின்னு எடுத்துக்கக் கூடாதா?"

"காத்து மாறியிருக்கலாம் ஐயா. குழாயில சரக்கு ஏத்தாம இருந்திருக்கலாம். அதுல எதுவும் கட்டாயம் இல்ல. அது நடந்தது, அவ்வளவுதான். ஆனா குழாய் காலியா இருந்தாத்தான் அலாரம் பொய்ன்னு ஒதுக்கலாம். குழாய் காலியா இல்ல. அப்ப பொய்ன்னு ஒதுக்க வழி இல்ல. காத்தும் காலனி பக்கம். இவ்வளவும் உண்மைன்னா, சைரனை அழுத்த வேண்டிய நேரம் அதுங்கிற நாலாவது வரி உண்மையாகாம இருக்க முடியாது."

"அந்த வரியை யாரும் எழுதலையே."

"எழுதணும்னு அவசியம் இல்ல ஐயா. மூணாவது வரிய அவரு எழுதி முடிச்ச நிமிஷமே அது அங்க இருந்தது. படிக்கத்தான் ஆள் இல்ல. படிக்கத் தெரிஞ்ச ஆளை அங்க வைக்காம விட்டதுல நானும் ஒருத்தி."

இஞ்ஞாசியின் சாட்சியம் அதன்பிறகு தேவைப்படவில்லை. மூன்று வாரத்தில் இடைக்கால ஆணை வந்தது. நீதிபதி அதை மண்டபத்தில் படித்தார். பட்டையின் உற்பத்தி, விற்பனை, பயன்பாடு எல்லாவற்றுக்கும் நாடு முழுதும் தடை. ஜெல் வில்லைகளும் அதில் அடக்கம். கடைகளில் இருப்பவை பத்து நாளில் பறிமுதல் செய்யப்படும்.

மக்கள் கைதட்டினார்கள். காலனிக்காரர் ஒருவர் ஆவுடையைப் பார்த்துக் கும்பிட்டார். கடைசி பெஞ்சில் பிலோமி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் ஆவுடைக்கு உறைத்தது. அவள் உண்மையைச் சொன்னால் பட்டை தடைசெய்யப்படும். தடைசெய்தால் வில்லை கிடைக்காது. வில்லை இல்லையென்றால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பது அவளுக்குத் தெரிந்ததுதான். மூன்றும் தனித்தனியாக அவள் மனதில் இருந்தன. தர்க்கம் படித்த தலை, பட்டை தொடாத தலை, அவற்றை ஒன்றாக வைக்கவே இல்லை.

வழக்கு ஒரு வருடம் நடந்தது. ஆவுடைக்கு இரண்டு வருடச் சிறை. மேற்பார்வையாளருக்கு ஆறு மாதம். தணிகைவேல், அந்தப் பக்கங்கள் தன் பார்வைக்கு வரவேயில்லை என்று சொல்லி விருப்ப ஓய்வில் போனார். கம்பெனி அபராதம் கட்டிவிட்டு வேறு பெயரில் கிடங்கைத் திறந்தது.

சிறைக்கு வந்த ஐந்தாவது மாதம், பகல் நேரப் பார்வையாளர் அறையில் பிலோமி உட்கார்ந்திருந்தாள். ஆவுடையைப் பார்க்க அவள் வருவது அதுதான் முதல் தடவை. மெலிந்திருந்தாள். கம்பி வலையின் இந்தப் பக்கம் ஆவுடை வந்து உட்கார்ந்தாள்.

"வில்லை எப்ப தீந்துச்சு?" என்று ஆவுடையே கேட்டாள்.

"தடை வரதுக்கு முன்னாடி கொஞ்சம் வாங்கி வச்சேன். ஒண்ண நாலா வெட்டி ஒட்டுனேன். காஞ்சு போனதுல எண்ணெய் தடவி ஒட்டுனேன். ஒரு வருசத்துக்கு மேல ஓட்டிட்டேன் மேடம். போன நவம்பர்ல, கல்லறைத் திருநாளுக்கு அடுத்த வாரம், எல்லாம் முடிஞ்சு போச்சு."

"அப்புறம்?"

"ஒரு மாசம் ஒண்ணும் இல்ல. மாடியில துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தேன். அவிய பக்கெட்டப் பிடிச்சுக்கிட்டு நின்னாவ. கொடியில சேலை பறந்துச்சு. அதையே பாத்தாவ. பாத்துக்கிட்டே ஆரம்பிச்சாவ. 'குழாயில சரக்கு இருந்துச்சு. அலாரம் அடிச்சுது. கொடி அந்தப் பக்கம் பறந்துச்சு. ரெனிட்டா அந்தப் பக்கம் இருந்தா.' நான் ஓடிப் போய்ப் பொத்தினேன் மேடம். வாயத்தான் பொத்த முடிஞ்சுது."

ஆவுடை தலைகுனிந்தாள்.

"பக்கெட்டு கீழ விழுந்துச்சு. அவியளும் அப்படியே உக்காந்துட்டாவ. அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் கத்தினாவ. தெருவே வந்து நின்னுச்சு. அப்புறம் சத்தமே இல்ல. நாலு நாளு சோறு தண்ணி இல்ல, சொவத்தப் பாத்துப் படுத்துக் கெடந்தாவ. கத்தி, கயிறு எல்லாத்தையும் எடுத்துப் பக்கத்து வீட்டுல குடுத்து வச்சேன்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கண்ணில் நீர் இல்லை. பழக்கத்தில் துடைத்தாள்.

"அஞ்சாம் நாளு எந்திரிச்சு உக்காந்தாவ. என்னையவே பாத்தாவ. 'இது ஒனக்கு அன்னைக்கே தெரியும்லா?'ன்னாவ. ஆமான்னேன். 'தெரிஞ்சுக்கிட்டா எனக்குச் சோறு போட்ட?'ன்னாவ. திட்டப் போறாவ, அடிக்கப் போறாவன்னு நெனச்சேன். அடிச்சா வாங்கிக்கிடலாம்னு இருந்தேன். அப்புறம்..."

பிலோமி நிறுத்தினாள். கம்பி வலையை விரலால் பிடித்துக்கொண்டாள்.

"அப்புறம் என்ன சொன்னாரு?"

"'அப்ப நீ இத்தன நாளும் ஒத்தையிலயா இருந்த?'ன்னு கேட்டாவ."

சொன்னதும் அவளுக்கு வாய் கோணியது. தலையை வலையில் முட்டுக்கொடுத்து அழுதாள். ரெனிட்டாவை அடக்கம் செய்த அன்றும் அழாதவள் அவள். காவலர் திரும்பிப் பார்த்தார். பிறகு தன் கையிலிருந்த காகிதத்தைப் படிப்பதுபோல அந்தப் பக்கம் நகர்ந்து நின்றார்.

கொஞ்சம் அடங்கிய பிறகு பிலோமி சொன்னாள். "அன்னைக்குத்தான் மேடம் ரெண்டு பேரும் சேந்து மகளுக்கு அழுதோம்."

"இப்ப எப்படி இருக்காரு?"

"தூங்குறதில்ல. சைக்கிள் மணி அடிச்சாக்கூட நடுங்குதாவ. நான் வெளிய போனா, திரும்பி வர வரைக்கும் வாசல்ல நிக்காவ. இது ஆனா என்ன, அது ஆனா என்னன்னு நாள் பூரா யோசன." அவள் கதவுப் பக்கம் பார்த்தாள். "இங்கதான் வந்திருக்காவ. கேட்டுக்கு வெளிய நிக்காவ. உள்ள வரமாட்டேன்னுட்டாவ. ஒங்களப் பாத்தா என்ன கேப்பேன்னு அவியளுக்கே பயமா இருக்காம்."

நேரம் முடிந்தது என்று காவலர் சொன்னார். பிலோமி எழுந்தாள்.

"அடுத்த தடவ உள்ள வரச் சொல்லுங்க," என்றாள் ஆவுடை. "எதுவானாலும் கேக்கட்டும். இருந்து பதில் சொல்லுதேன்."

பிலோமி பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். அவள் தாழ்வாரத்தைக் கடந்து வாசலுக்குப் போகும்வரை ஆவுடை வலைக்குப் பக்கத்திலேயே நின்றாள். வெளிக்கதவு திறந்தபோது, எதிர்ப்பக்கச் சுவரை ஒட்டி வெயிலில் நின்ற ஒரு மனிதர் அவசரமாக இரண்டடி முன்னால் வந்து பிலோமியின் கையிலிருந்த பையை வாங்கிக்கொள்வது தெரிந்தது. பிறகு கதவைச் சாத்திவிட்டார்கள்.